முற்றத்தில் விழும் மழை: கேமரா சென்சார் பற்றி வாசகர் கேட்டவை

சென்ற இதழில் இப்பகுதியில், "கேமரா வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது மெகாபிக்சல் எத்தனை என்பதை அன்று, சென்சார் எவ்வளவு பெரியது என்பதையே" என்று எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியவை. சிலர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். வேறு சிலரோ, அதில் பாதி உண்மைதான் இருக்கிறது என்பதைச் சரியாகவே பிடித்துவிட்டார்கள். நான் சொல்லாமல் விட்ட பாதி லென்ஸைச் சேர்ந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல இந்தக் கடிதங்கள் வாய்ப்பளித்திருக்கின்றன.

கேள்வி: என் கைப்பேசியில் 108 மெகாபிக்சல் கேமரா இருக்கிறது. நண்பர் வைத்திருப்பது 2008-இல் வெளிவந்த நிகான் டி700; அதில் 12 மெகாபிக்சல்தான். என் தங்கையின் திருமண வரவேற்பில் இருவரும் ஒரே மேடையைப் படம் எடுத்தோம். அவருடைய படத்தில் புடவையின் ஜரிகை இழை இழையாகத் தெரிகிறது. என்னுடையதில் களிம்பு பூசினாற்போல் குழம்பிக் கிடக்கிறது. ஒன்பது மடங்கு மெகாபிக்சல் எங்கே போயிற்று? (கும்பகோணம் வாசகர்)

பதில்: முற்றம் வைத்த பழைய வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மழை பிடிக்கிறது. முற்றம் முழுவதும் பாத்திரங்களைப் பரப்பி வைக்கிறீர்கள். நான்கு அண்டாக்களை வைத்தாலும் நானூறு டம்ளர்களை நெருக்கி வைத்தாலும் மொத்தத்தில் சேரும் நீர் ஏறக்குறைய ஒன்றுதான். ஏனெனில் அதை முடிவு செய்வது முற்றத்தின் பரப்பே. பிக்சல் என்பது பாத்திரம்; மெகாபிக்சல் என்பது பாத்திரங்களின் எண்ணிக்கை (ஒரு மெகாபிக்சல் என்றால் பத்து லட்சம்). லென்ஸ் வழியே வரும் ஒளி விழுந்து படமாகப் பதியும் சில்லான சென்சார்தான் முற்றம்.

இப்போது இரண்டு முற்றங்களையும் அளந்து பார்ப்போம். கைப்பேசிகளில் வரும் 108 மெகாபிக்சல் சென்சார்களில் ஒரு வகையில், ஒவ்வொரு பிக்சலும் 0.7 மைக்ரான் அகலம் கொண்டது (மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு). அகலவாக்கில் 12,000 பிக்சல்களும் உயரவாக்கில் 9,000 பிக்சல்களும் இருப்பதால் சென்சாரின் அளவு 8.4 × 6.3 மி.மீ.; பரப்பு 53 சதுர மி.மீ. நண்பரின் கேமராவில் உள்ளது 36 × 24 மி.மீ. என்ற ஃபுல் ஃப்ரேம் அளவு. பரப்பு சுமார் 860 சதுர மி.மீ. லென்ஸின் எஃப் எண்ணும் (எண் சிறிதானால் திறப்பு பெரிது) ஷட்டர் திறந்திருக்கும் நேரமும் ஒன்றாகவே இருக்குமானால், அவருடைய முற்றத்தில் உங்களுடையதைப்போல் 16 மடங்கு மழை விழுந்திருக்கிறது. பிக்சலுக்குப் பிக்சல் ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் பெரிது. அவருடைய ஒரு பிக்சலின் பரப்பில் உங்கள் பிக்சல்கள் 140-க்கு மேல் அடங்கும்.

மழை அதிகம் என்றால் படம் ஏன் தெளிவாக வேண்டும்? ஒளி ஒழுகும் நீரைப்போல் தொடர்ச்சியாக வருவதில்லை. ஃபோட்டான் என்னும் தனித்தனித் துளிகளாகவே வருகிறது. தூறலில் அருகருகே வைத்த இரண்டு டம்ளர்களில் ஒன்றில் பதினொரு துளியும் அடுத்ததில் எட்டுத் துளியும் விழலாம். இத்தனைக்கும் இரண்டின் மேலும் இருந்தது ஒரே மேகம். புடவையின் ஒரே நிறமுள்ள பகுதியில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் இப்படி வெவ்வேறு கணக்கைக் காட்டுவதைத்தான், நாய்ஸ் என்று கேமராக்காரர்கள் சொல்லும் மணல்மணலான இரைச்சலாக நாம் பார்க்கிறோம். இந்த ஏற்ற இறக்கம் துளிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலமாக இருக்கும் என்பது இயற்பியல் விதி. சராசரியாக 10,000 துளி விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் 100, அதாவது 1 சதவீதம். 100 துளியே விழும் இடத்தில் அது 10, அதாவது 10 சதவீதம். எவ்வளவு உயர்ந்த தொழிற்சாலையில் சென்சாரைச் செய்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. பதினாறு மடங்கு ஒளி கிடைத்த நண்பரின் படத்தில், ஒளியோடு ஒப்பிட்டால் இரைச்சல் உங்களுடையதில் நான்கில் ஒரு பங்கு.

கைப்பேசிக்குத் தன் குறை தெரியும். ஆகவே அது இரண்டு காரியங்களைச் செய்கிறது. முதலாவது, பக்கத்தில் பக்கத்தில் உள்ள ஒன்பது பிக்சல்களை ஒன்றாகக் கூட்டி 12 மெகாபிக்சல் படமாகத் தருகிறது. நீங்கள் அமைப்பில் 108 என்று தனியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் உங்களுக்குக் கிடைத்ததும் 12 மெகாபிக்சல் படமே. இரண்டாவது, எஞ்சிய இரைச்சலை மென்பொருளால் தடவி மழுப்புகிறது. மணலைப் போன்ற இரைச்சலுக்கும் ஜரிகை இழையின் மினுமினுப்புக்கும் வேறுபாடு காண மென்பொருள் தடுமாறும்போது இரண்டையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது. நீங்கள் கண்ட களிம்பு அதுதான்.

ஆனால் இதே பந்தயத்தை அடுத்த முறை காலை பத்து மணிக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் வெளிப் பிராகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொட்டுகிற மழையில் சின்ன முற்றத்து டம்ளர்களும் நிரம்பி வழியும். இரண்டு படங்களையும் கைப்பேசித் திரையில் காட்டினால் எது எதனுடையது என்று சொல்லப் பலரால் இயலாது. சென்சாரின் அளவு தன் வேலையைக் காட்டுவது ஒளி குறைவான இடத்தில்தான். அல்லது படத்தைப் பெரிதாக அச்சிடும்போது, அல்லது வெயிலும் ஆழ்ந்த நிழலும் ஒரே படத்தில் வரும்போது.

கேள்வி: 1 அங்குல சென்சார் என்று விளம்பரம் செய்த கேமராவின் விவரக் குறிப்பில் 13.2 × 8.8 மி.மீ. என்று போட்டிருக்கிறது. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. அல்லவா? இது ஏமாற்று வேலையா? (சேலம் வாசகர்)

பதில்: மூலைவிட்டத்தை அளந்தாலும் 16 மி.மீ. கூட வராது. ஆனால் இது இன்று நேற்று வந்த வழக்கு அன்று. தொலைக்காட்சி நிலையங்களின் பழைய கேமராக்களில் விடிகான் என்னும் கண்ணாடிக் குழாய்கள் இருந்தன. அவற்றை வெளிக் குழாயின் விட்டத்தைக்கொண்டு 1 அங்குலக் குழாய், 2/3 அங்குலக் குழாய் என்று அழைத்தார்கள். குழாய்க்குள் படம் பதியும் பகுதி அந்த விட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். குழாய் போய்ச் சில்லு வந்த பிறகும், பழைய லென்ஸ்களோடு பொருந்திப் பேச வசதியாக இருந்ததால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பெயர் பெரிதாக ஒலிப்பதால் விற்பவர்களும் அதை மாற்ற அவசரப்படவில்லை. 1/2.3 அங்குலம் என்று போட்டிருந்தால் உண்மையில் அது 6.2 × 4.6 மி.மீ. அளவுள்ள ஒரு துணுக்கு. பின்ன எண்ணை விட்டுவிட்டு மி.மீ. அளவைத் தேடிப் பாருங்கள். அகலத்தையும் உயரத்தையும் பெருக்கிப் பரப்பை ஒப்பிடுங்கள்.

கேள்வி: ஃபுல் ஃப்ரேம் என்றால் முழுமையானது என்றுதானே பொருள்? அப்படியானால் மற்றவை அரைகுறையா? (மதுரை வாசகர்)

பதில்: பெயர் செய்த குழப்பம். ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பர்னாக், சினிமாவுக்குப் பயன்பட்ட 35 மி.மீ. படச்சுருளைக் கைக்கு அடக்கமான ஒரு கேமராவில் போட்டுப் பார்த்தார். சினிமாக் கேமராவில் சுருள் மேலிருந்து கீழே ஓடும். ஒவ்வொரு சட்டமும் சுமார் 24 × 18 மி.மீ. பர்னாக் அதைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, இரண்டு சினிமாச் சட்டங்களின் இடத்தை ஒரே படத்துக்கு எடுத்துக்கொண்டார். அந்தக் கேமரா 1925-இல் லைக்கா என்ற பெயரில் சந்தைக்கு வந்தது; 36 × 24 மி.மீ. என்ற அளவும் அதன் வழியே உலகெங்கும் பரவியது. டிஜிட்டல் கேமராக்கள் வந்தபோது அவ்வளவு பெரிய சென்சாரைச் செய்வது பெரும் செலவாக இருந்ததால், நிகான் 1999-இல் வெளியிட்ட டி1 போன்றவற்றில் சிறிய சென்சார்களையே வைத்தார்கள். அதனால்தான் பழைய சுருளின் முழுச் சட்டத்தையும் நிரப்பிய சென்சாருக்கு ஃபுல் ஃப்ரேம் என்ற பெயர் வந்தது. முழுமை என்பது அந்தச் சுருளோடு ஒப்பிட்டுச் சொன்னது.

சினிமாக்காரரிடம் கேட்டால் கதையே மாறிவிடும். அவர்களுடைய சூப்பர் 35 சட்டம் சுமார் 25 மி.மீ. அகலம் கொண்டது; அதாவது நாம் சின்னது என்று ஒதுக்குகிற, ஃபுல் ஃப்ரேமுக்கு அடுத்த சிறிய அளவான ஏபிஎஸ்-சி சென்சாரின் 23.5 மி.மீ. அகலத்துக்கு மிக அருகில் இருக்கிறது. 2010-இல் வெளிவந்து திரையுலகின் அன்றாடக் கருவியாகிவிட்ட ஆரி அலெக்ஸா என்னும் சினிமாக் கேமராவின் சென்சாரும் சூப்பர் 35 அளவே. திரையரங்கின் பெருந்திரைக்கே அந்த அளவு போதுமானதாக இருந்திருக்கிறது. மறுபக்கம், ஃபியூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ் வரிசையில் உள்ள 43.8 × 32.9 மி.மீ. சென்சாரோடு வைத்துப் பார்த்தால் ஃபுல் ஃப்ரேமும் சிறியதுதான்.

கேள்வி: கடன் வாங்கி ஒரு ஏபிஎஸ்-சி கேமராவை, அதோடு சேர்த்தே விற்கும் 18-55 மி.மீ. கிட் லென்ஸோடு வாங்கினேன். இரவில் வீட்டுக்குள் எடுத்தால் என் கைப்பேசி எடுக்கும் படமே நன்றாக இருக்கிறது. சென்சார் பெரிதென்றால் படம் நன்றாக வரும் என்று நீங்கள் எழுதியது பொய்யா? (ஈரோடு வாசகர்)

பதில்: சென்ற இதழில் நான் எழுதாமல் விட்ட பாதி இதுதான். உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தொடங்குகிறேன்.

முற்றம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மேலே கூரையில் திறப்பு சிறியதாக இருந்தால் மழை உள்ளே வராது. அந்தத் திறப்புதான் லென்ஸின் அபெர்ச்சர். அதன் அகலத்தைக் கண்டுபிடிப்பது எளிது: குவிய நீளத்தை (லென்ஸின்மேல் மி.மீ.-இல் போட்டிருக்கும் எண்) எஃப் எண்ணால் வகுக்க வேண்டும். உங்கள் கிட் லென்ஸ் அகலக் கோணத்தில் 18 மி.மீ., எஃப்/3.5, வகுத்தால் 5.1 மி.மீ. சற்றுப் பெரிய சென்சார் கொண்ட இன்றைய கைப்பேசியின் முதன்மை லென்ஸ் ஏறக்குறைய 6.8 மி.மீ., எஃப்/1.8, வகுத்தால் 3.8 மி.மீ. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அகலக் காட்சியைப் பார்க்கின்றன. ஆக, சென்சாரின் பரப்பில் ஐந்து மடங்கு வேறுபாடு இருந்தும், உள்ளே வரும் மொத்த ஒளியில் இரண்டு மடங்கு வேறுபாடுகூட இல்லை. உங்கள் பெரிய முற்றத்தின்மேல் கிட் லென்ஸ் கூரை போட்டு மூடிவிட்டது.

அதோடு கைப்பேசி நியாயமாக விளையாடுவதில்லை. நீங்கள் ஒரு முறை பொத்தானை அழுத்தினால் அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, கை நடுக்கத்தால் நகர்ந்தவற்றை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திக் கூட்டிவிடுகிறது. எட்டு முறை பிடித்த மழையை ஒரே அண்டாவில் ஊற்றுவதைப் போன்றது இது. கூகுள் பிக்சல் கைப்பேசிகளில் 2018-இல் வந்த இரவு நேர வசதி இந்த வித்தையைப் பரவலாக்கியது. அசையாத பொருள்களுக்கு இது அருமையாக வேலை செய்கிறது. ஓடுகிற குழந்தையிடம் தோற்றுவிடுகிறது. ஒவ்வொரு படத்திலும் குழந்தை வேறிடத்தில் இருக்குமே.

நீங்கள் கேமராவை விற்க வேண்டாம். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்றை வாங்குங்கள். பெரிய நிறுவனங்கள் பலவற்றின் பட்டியலில் மலிவான லென்ஸ்களில் அது ஒன்றாக இருக்கும். அதன் திறப்பு 27.8 மி.மீ.; ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. உங்கள் கிட் லென்ஸ் 55 மி.மீ. முனையில் எஃப்/5.6, அங்கே திறப்பு 10 மி.மீ.கூட இல்லை, ஒரு கொண்டைக்கடலை அளவு. கைப்பேசியின் 3.8 மி.மீ. திறப்பு கொத்தமல்லி விதை. கொண்டைக்கடலையிலிருந்து பத்து ரூபாய் நாணயத்துக்குப் போனால் கிடைக்கும் ஒளி எட்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. பின்புலம் மங்கி முகம் தனித்து நிற்கும் அந்த அழகும் அந்த அகன்ற திறப்பால் வருவதே. ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. சற்று நெருக்கமாகக் காட்டும் என்பதால் சின்ன அறைகளில் பின்னால் நகர இடமிருக்காது. அப்படிப்பட்ட வீடு என்றால் 35 மி.மீ. எஃப்/1.8 வாங்குவதே பொருத்தம். கேமராவுக்கென்று ஒதுக்கிய பணத்தில் பாதியையாவது லென்ஸுக்கு வைக்க வேண்டும் என்பதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுப்பதில்லை.

கேள்வி: கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்துகளையும் பூநாரைகளையும் படமெடுக்க ஆசை. 300 மி.மீ. லென்ஸை ஏபிஎஸ்-சி கேமராவில் மாட்டினால் 450 ஆகும், அதைவிடச் சிறிய சென்சார் கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவில் மாட்டினால் 600 ஆகும் என்று கடைக்காரர் சொல்கிறார். லென்ஸ் எப்படி நீளும்? நிகான் பி1000 கேமராவில் 3000 மி.மீ. வரை போகலாம் என்கிறார்களே, அதை வாங்கினால் என்ன? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: லென்ஸ் நீளாது. நிலவை எடுத்துக்கொள்ளுங்கள். 300 மி.மீ. லென்ஸ் முழுநிலவைச் சுமார் 2.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டமாக விழச் செய்யும். பின்னால் எந்த சென்சார் இருக்கிறது என்பது லென்ஸுக்குத் தெரியாது. வட்டம் அதே 2.7 மி.மீ.தான். 24 மி.மீ. உயரமுள்ள ஃபுல் ஃப்ரேமில் அது ஒன்பதில் ஒரு பங்கை அடைக்கும், 13 மி.மீ. உயரமுள்ள மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்கை அடைக்கும். தட்டு சிறியதானால் அதில் வைத்த இட்லி பெரிதாகத் தெரிவதுபோல. இட்லி வளரவில்லை. 450, 600 என்ற எண்கள், ஃபுல் ஃப்ரேமில் அதே குறுகிய காட்சி கிடைக்க எந்த லென்ஸ் வேண்டும் என்பதைச் சொல்லும் ஒப்பீடு மட்டுமே.

ஆயினும் பறவைக்காரர்களுக்கு இதில் உண்மையான ஆதாயம் ஒன்று உண்டு. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் ஒரு பிக்சலின் அகலம் 6 மைக்ரான். அந்த நிலவின் குறுக்கே 450 பிக்சல்கள் கிடைக்கும். 20 மெகாபிக்சல் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் பிக்சல் அகலம் 3.3 மைக்ரான், அதே நிலவின் குறுக்கே 800 பிக்சல்கள். தூரத்து வாத்தின் இறகு விவரம் கூடுதலாகப் பதியும். தோளில் சுமக்க வேண்டிய எடையும் குறையும். வெயில் நன்றாக இருக்கும் ஏரிக்கரையில் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். பொழுது புலர்வதற்கு முன் பறந்து வரும் கூட்டத்தைப் பிடிக்க வேண்டுமானால் கதை வேறு.

பி1000 பற்றி. அதன் லென்ஸின் உண்மையான குவிய நீளம் உச்சத்தில் 539 மி.மீ.; 3000 என்பது, 1/2.3 அங்குலச் சின்னத் தட்டினால் வரும் ஒப்பீட்டு எண். அந்த உச்சத்தில் எஃப்/8-க்கு மேல் அது திறக்காது. எந்த லென்ஸாக இருந்தாலும் எஃப்/8-இல் ஓர் ஒளிப்புள்ளி பச்சை ஒளியில் சுமார் 10.7 மைக்ரான் அகலமுள்ள வட்டமாகப் பரவும். திறப்பின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதை விளிம்பு விளைவு என்று பள்ளிப் பாடத்தில் படித்தோமே, அதுதான் இது. அந்தக் கேமராவின் பிக்சல் 1.3 மைக்ரான் அளவே என்பதால் ஒரு புள்ளி எட்டுப் பிக்சல் அகலத்துக்குத் தீற்றப்படுகிறது. அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவையை அடையாளம் காணவும், நிலவின் பள்ளங்களைக் குழந்தைகளுக்குக் காட்டவும் அது மகிழ்ச்சி தரும் கருவி. பறக்கும் பறவைக்கு 1/1000 விநாடி வேண்டும், அதற்குத் தேவையான ஒளி அதற்குக் கிடைக்காது. இன்னொன்று: வெயில் ஏறியபின் நீர்ப்பரப்பின்மேல் கானல் அலையத் தொடங்கிவிடும். அதன் பிறகு எந்த சென்சாராலும் பயனில்லை. காலையிலேயே போய், முடிந்தவரை அருகில் மறைந்து உட்காருங்கள்.

கேள்வி: பெரிய சென்சாரில் நிறங்கள் இயல்பாக வருமா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: நேரடித் தொடர்பு இல்லை. சென்சாருக்கு நிறம் தெரியாது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, ஒவ்வொரு பிக்சலின்மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒரு வடிகட்டியை வைத்து, விடுபட்ட நிறங்களைப் பக்கத்துப் பிக்சல்களிலிருந்து கணக்கிடுகிறார்கள். பச்சைக்கு மட்டும் இரட்டைப் பங்கு, நம் கண்ணும் பச்சையைத்தான் கூர்மையாகப் பார்க்கிறது என்பதற்காக. முகத்தின் நிறம் இயல்பாக வருவது அந்த வடிகட்டியின் தரத்தையும் நிறுவனத்தின் மென்பொருளையும் பொறுத்தது. நிழலில் இருக்கும் நிறங்கள் மட்டும் பெரிய சென்சாரில் அழுக்கேறாமல் நிற்கும், அங்கே இரைச்சல் குறைவு என்பதால்.

கேள்வி: எங்கள் பகுதியின் தெருக்கூத்துகளை விடிய விடியப் படமாகவும் வீடியோவாகவும் பதிவு செய்கிறேன். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வைத்திருக்கிறேன். ஃபுல் ஃப்ரேமுக்கு மாற வேண்டும் என்று எல்லோரும் வற்புறுத்துகிறார்கள். (திருவண்ணாமலை வாசகர்)

பதில்: எல்லோரும் சொல்வது பாதி சரி. எஃப்/2.8, 1/250 விநாடி என்று வைத்து இரண்டு கேமராக்களிலும் எடுத்தால், உங்கள் கேமராவில் ஐஎஸ்ஓ (குறைந்த ஒளியிலும் படத்தை வெளிச்சமாக்க ஏற்றும் எண்) 6400-இல் வரும் இரைச்சல் அளவு ஃபுல் ஃப்ரேமில் ஐஎஸ்ஓ 25,600-இல்தான் வரும். தனி வேடதாரி ஒருவரின் முகத்தை, அரிதாரத்தின் வெடிப்பும் வியர்வையும் தெரிய நெருக்கத்தில் எடுப்பீர்கள் என்றால் இந்த ஆதாயம் முழுவதும் உங்களுடையது.

ஆனால் கட்டியங்காரன் முன்னால் நிற்க, முடி புனைந்த அரசன் பின்னால் ஆட, இருவர் முகமும் தெளிவாக வேண்டும் என்றால் ஃபுல் ஃப்ரேமில் எஃப்/2.8 போதாது, ஒருவர் மங்கிவிடுவார். எஃப்/5.6-க்கு மூட வேண்டும். மூடினால் ஒளி நான்கில் ஒன்றாகிவிடும், ஐஎஸ்ஓவை 25,600-க்கு ஏற்ற வேண்டும், இரைச்சல் உங்கள் இப்போதைய கேமராவின் அளவுக்கே வந்து சேரும். உங்கள் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் எஃப்/2.8-இலேயே அந்த ஆழத்தைத் தந்துகொண்டிருந்தது. பெரிய சென்சாரின் ஆதாயம், குவியத்தின் ஆழம் குறைவதைப் பொறுத்துக்கொள்கிறவருக்கு மட்டுமே. விற்பனைத் தாள்களில் இந்த விஷயம் ஒருபோதும் அச்சாவதில்லை.

வீடியோவில் இன்னொரு சிக்கல் உண்டு. பெரும்பாலான சென்சார்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகவே படிக்கின்றன. சென்சார் பெரிதாகவும் பிக்சல் அதிகமாகவும் இருந்தால் படித்து முடிக்க நேரம் பிடிக்கும். அதற்குள் கிறுகிறுவென்று சுழலும் கூத்தரின் உடல் நகர்ந்துவிடுவதால் உருவம் சாய்ந்தும் வளைந்தும் பதியும். சோனி 2017-இல் வெளியிட்ட ஏ9 கேமராவில் நினைவகத்தைச் சென்சாரோடு அடுக்கி வேகத்தைக் கூட்டியது; 2023-இல் அறிவித்த ஏ9 III-இல் எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் படிக்கும் முறையைக் கொண்டுவந்தது. இரண்டும் விலை உயர்ந்தவை. எதை வாங்கினாலும், மேடையில் எல்இடி விளக்குகள் எரியும்போது ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்துப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும், அந்தத் துடிப்புக்கு இசைந்த வேகத்தில், துடிப்பால் படத்தில் விழும் கறுப்புப் பட்டைகள் அடங்கிவிடும்.

இப்போதைக்கு நீங்கள் எஃப்/1.4, எஃப்/1.8 லென்ஸ்களில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் போதும் என்பது என் கருத்து.

கேள்வி: சிறிய ஸ்டுடியோ நடத்துகிறேன். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமரா இருக்கிறது. ஃபுல் ஃப்ரேம் இல்லாததால் கல்யாண ஆர்டர்கள் கைநழுவுகின்றன. ஆல்பத்தின் தரம் உண்மையில் கூடுமா? அந்தச் சென்சாருக்கு ஏன் அவ்வளவு விலை? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: ஆல்பத்தின் ஒரு பக்கம் 12 × 18 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற உயர்ந்த அச்சுத் தரத்தில் அதற்கு 5400 × 3600 பிக்சல் வேண்டும், 19.4 மெகாபிக்சல். உங்கள் கேமராவே தாராளமாகத் தருகிறது. வீடியோ விளக்குகள் வெளுத்துக் கட்டும் முகூர்த்த மேடையில், இரண்டு கேமராக்களின் பக்கங்களையும் கலந்து வைத்தால் பெண் வீட்டாரால் பிரித்துச் சொல்ல முடியாது. இருட்டு வீட்டுக் கூடத்தில் நடக்கும் நலங்கிலும், விடியுமுன் நடக்கும் சடங்குகளிலும் வேறுபாடு தெரியும். அதற்கும் வழி இருக்கிறது: ஏபிஎஸ்-சிக்கென்றே சிக்மா 2013-இல் வெளியிட்ட 18-35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், ஃபுல் ஃப்ரேமில் 27-53 மி.மீ. எஃப்/2.7 லென்ஸ் சேகரிக்கும் ஒளியைச் சேகரிக்கிறது. கனமான லென்ஸ்தான், ஆனால் ஃபுல் ஃப்ரேம் உடலும் அதற்குரிய 24-70 மி.மீ. எஃப்/2.8 லென்ஸும் சேர்ந்து கேட்கும் தொகையோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு.

விலைக்குக் காரணம் சிலிக்கான் தட்டு. 300 மி.மீ. விட்டமுள்ள வட்டத் தட்டிலிருந்து சென்சார்களை வெட்டி எடுக்கிறார்கள். அதன் பரப்பு சுமார் 70,700 சதுர மி.மீ.; விளிம்பில் வீணாவதைக் கழிக்காமலே வகுத்தாலும் ஃபுல் ஃப்ரேம் 81-க்கு மேல் வராது, ஏபிஎஸ்-சி 190 வரும். தட்டில் எங்கோ ஒரு குறை விழுந்தால், சிறிய சென்சாரில் வீணாவது சிறிய துண்டு, பெரியதில் பெரிய துண்டு. போதாததற்கு, சில்லுகளின்மேல் சுற்றுவரைவை ஒளியால் அச்சிடும் இயந்திரம் ஒரே முறையில் 26 × 33 மி.மீ. பரப்பையே எட்டும், 36 மி.மீ. அகலத்துக்கு இரண்டு முறை அச்சிட்டு நடுவில் ஒட்டுத் தெரியாமல் இணைக்க வேண்டும்.

வாடிக்கையாளர் கேமராவின் பெயரைப் பார்த்து ஆர்டர் கொடுக்கிறார் என்றால் அது வணிகம் சார்ந்த கணக்கு. அதில் நான் தலையிட மாட்டேன். படத்துக்காக மாற வேண்டிய கட்டாயம் இல்லை.

கேள்வி: ஒரே விலையில் பழைய ஃபுல் ஃப்ரேம் ஒன்றும் புதிய ஏபிஎஸ்-சி ஒன்றும் கிடைக்கின்றன. எதை எடுப்பது? (கோவை வாசகர்)

பதில்: எவ்வளவு பழையது என்பதைப் பொறுத்தது. 2005-இல் வந்த கேனான் 5டி அந்நாளில் அதிசயம். இன்று அதில் வீடியோ கிடையாது, திரையைப் பார்த்தே படமெடுக்கும் வசதி கிடையாது, ஐஎஸ்ஓ 1600-க்கு மேல் இயல்பாகப் போகாது. சென்சார் பெரிதாக இருந்தும் இன்றைய ஏபிஎஸ்-சி இருட்டில் அதை எளிதாக விஞ்சும், ஏனென்றால் முற்றத்துப் பாத்திரங்களின் விளிம்பும் அவற்றை அளக்கும் கையும் இத்தனை ஆண்டுகளில் மிகவும் திருந்திவிட்டன. 2012-இன் கேனான் 6டி, 2014-இன் நிகான் டி750 போன்றவை வேறு ரகம். அசையாத காட்சிகளும் முகப்படங்களும் எடுப்பவருக்கு இன்றும் அவை நல்ல பேரம். குழந்தைகள், விளையாட்டு, வீடியோ என்றால் கண்ணைத் தேடிப் பிடிக்கும் புதிய குவிய முறைக்காகவே புதிய ஏபிஎஸ்-சியை எடுப்பேன்.

பழையதை எடுப்பதாக முடிவு செய்தால் ஒரு சோதனையை மறவாதீர்கள். லென்ஸை எஃப்/16-க்கு மூடி, வெறும் வானத்தை ஒரு படம் எடுத்து, கணினித் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். சென்சாரில் ஒட்டிய தூசி சாம்பல் நிறப் புள்ளிகளாகத் தெரியும். தூசியைத் துடைக்கலாம், கீறலைத் துடைக்க முடியாது. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு பழைய கேமராவை நான் வாங்கி வந்து, அடுத்த வாரம் எடுத்த அத்தனை கடற்கரைப் படங்களிலும் வானத்தின் வலது மூலையில் மயிரிழை போன்ற ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விற்றவரோ அதற்குள் கைப்பேசி எண்ணை மாற்றிவிட்டார். ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான கேமராக்களில் அதன் உத்தேச ஆயுள் ஒரு லட்சம் அல்லது ஒன்றரை லட்சம் இயக்கங்கள்.